பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்புவதா, இருப்பதா? வெளிநாட்டில் வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரோனா ஆண்டுகளில், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வழிகாட்டும் தன்னார்வக் குழு ஒன்றில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லி வந்தேன். அழைத்தவர்களின் நாடும் தொழிலும் வேறு வேறாக இருந்தன. கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அவையேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அந்த நோயின் அவசரநிலை முடிந்துவிட்டது. ஆனால் இன்னொரு பெருந்தொற்று வந்தால் இதே கேள்விகள்தான் மறுபடி எழும்.

பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும், அங்கிருந்து நெடுநாள் நகர முடியாது என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுங்கள்.

ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா? சுருக்கமாக ஒரு பதில் சொல்லுங்களேன்.

எல்லாருக்கும் பொருந்தும் பதில் இல்லை. ஆனால் கேள்வியை எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியும். 2020 மார்ச் 19 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை தன் குடிமக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. விமானம் கிடைக்கும் இடங்களில் இருப்பவர்கள் உடனே திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையென்றால் காலவரையறையின்றி வெளிநாட்டிலேயே தங்கத் தயாராக வேண்டும் என்பது அதன் சாரம். கடுமையாகத் தோன்றினாலும் அந்த ஆண்டு எந்த அரசும் சொன்னவற்றில் மிக நேர்மையான அறிவுரை அது என்பது என் கருத்து. அரைமனதாகக் கிளம்புவதற்கும் அரைமனதாகத் தங்குவதற்கும் அதில் இடமே இல்லை.

உலக சுகாதார அமைப்பு கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11. அதன் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது 2023 மே 5. இடையில் மூன்று ஆண்டுகள். ஆகவே "இந்த இரண்டு மாதத்தை எங்கே கழிப்பது" என்று யோசிக்காதீர்கள். ஒன்று, இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டி வந்தால் எந்த இடத்தில் சட்டப்படி இருக்கலாம், நோய் வந்தால் யார் செலவில் சிகிச்சை கிடைக்கும், சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம், படுத்துவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு விடை அங்கேயே தெளிந்துவிடும்.

நோய் எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே போய்விடுவதுதானே புத்திசாலித்தனம்?

இன்றைய எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் மூன்று மாதத்தில் ஏமாந்து போவீர்கள். 2020 மார்ச்சில் இத்தாலி தத்தளித்தபோது இந்தியாவில் தொற்று மிகக் குறைவு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் ஆக்ஸிஜனுக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் மக்கள் அலைந்தார்கள். அப்போது ஐரோப்பா தடுப்பூசி போட்டு மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. அலை எங்கே எப்போது எழும் என்று யாராலும் ஓராண்டு முன்பே சொல்ல முடியவில்லை.

எளிதில் மாறாதவற்றைப் பாருங்கள். உங்கள் காப்பீடு எந்த நாட்டில் செல்லும்? பல ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டதால் சொந்த நாட்டின் அரசு மருத்துவத் திட்டத்திலிருந்து உங்கள் பெயர் நீங்கியிருக்கிறதா? திரும்பியவுடன் சேர முடியுமா, காத்திருப்புக் காலம் உண்டா? தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் அங்கே கிடைக்குமா? சொந்த நாடு என்பதாலேயே மருத்துவமனைக் கதவு தானாகத் திறந்துவிடாது. வந்து இறங்கிய பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது.

என் சொந்த நாட்டுக்குள் என்னை விடமாட்டோம் என்று சொல்ல முடியுமா?

சட்டத்தின் எழுத்துப்படி முடியாது என்றே சொல்லலாம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. நடைமுறை வேறாக இருந்தது. மொராக்கோ 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது அதன் குடிமக்களே ஆயிரக்கணக்கில் வெளிநாடுகளில் மாதக்கணக்காகச் சிக்கிக்கொண்டார்கள். இந்தியா 2020 மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. மீட்பு விமானங்கள் மே 7 அன்றுதான் தொடங்கின.

ஆஸ்திரேலியா தன் குடிமக்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆனால் 2020 ஜூலை முதல் வாரத்துக்கு இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று வரம்பு வைத்தது. பயணச்சீட்டு விலை எகிறியது, முன்பதிவுகள் கடைசி நேரத்தில் ரத்தாயின, பல்லாயிரம் பேர் காத்துக் கிடந்தார்கள். 2021 மே மாதத்தில் இன்னும் ஒரு படி போய், இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாட்களுக்குள் நாடு திரும்பும் குடிமக்களுக்குச் சிறைத் தண்டனைகூட விதிக்கலாம் என்று சுமார் இரண்டு வாரம் தடை இருந்தது. நியூசிலாந்தில் தனிமைப்படுத்தல் அறைகளுக்குக் குலுக்கல் முறை வந்தது; அந்த முறை குடிமக்களின் உரிமையை மீறிய விதத்தில் இயங்கியது என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தபோது காத்திருந்தவர்களின் காலம் போய்விட்டிருந்தது. உரிமை உண்டு என்று நம்புங்கள். உரிய நேரத்தில் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தூதரகம் விமானம் அனுப்புமாமே, அதுவரை காத்திருக்கலாமா?

பெயரைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். ஜெர்மனி 2020இன் வசந்த காலத்தில் சுமார் 2,40,000 பேரை அழைத்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போய்ச் சிக்கியவர்கள். வெளிநாட்டிலேயே வீடும் வேலையும் உள்ளவரை அரசுகள் வேறு வரிசையில்தான் வைத்தன. இந்தியாவின் மீட்பு விமானத் திட்டமான வந்தே பாரத்தில் கர்ப்பிணிகள், முதியவர்கள், அவசர மருத்துவம் வேண்டியவர்கள், வேலை இழந்தவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை இருந்தது. கட்டணத்தைப் பயணிகளே செலுத்த வேண்டியிருந்தது. மீட்பு விமானம் என்றால் இலவசம் என்று எண்ணிக் கையிருப்பைச் செலவழித்துவிட்டவர்கள் மிகவும் தவித்தார்கள்.

பதிவுப் படிவத்தில் உங்கள் நிலையை முழுதாக எழுதுங்கள். "ஊருக்குப் போக வேண்டும்" என்ற ஒரு வரிக்கும், "விசா இந்தத் தேதியில் முடிகிறது, டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, வேலை நீக்கக் கடிதம் இணைத்திருக்கிறேன்" என்பதற்கும் வரிசையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது போகாமல் எப்போது போவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருந்தது. முதலில் நான் திருப்பிக் கேட்பது: பார்க்கப் போகிறீர்களா, பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா? இரண்டும் வேறு. பக்கத்தில் ஆளில்லாத தாய்க்குச் சமைத்துப் போட, மருந்து எடுத்துக் கொடுக்க, மாதக்கணக்கில் உடன் இருக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் போங்கள், எல்லை திறந்திருக்கும்போதே போங்கள். நிலைமை மோசமாகும் வரை காத்திருப்பது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று போகிறவர்கள் கணக்கை நேராகப் பார்க்க வேண்டும். பயண அனுமதி, பரிசோதனை முடிவு, விமானம், அதன்பின் பல நாடுகளில் 14 நாள் தனிமை. அந்த அறை எப்படி இருக்கும் என்பது போகும்வரை பலருக்கும் தெரிவதில்லை. ஜன்னல் திறக்காது. கதவில் தட்டும் சத்தம் கேட்கும். தட்டியவர் நகர்ந்து போகும்வரை பொறுத்திருந்து திறந்தால் தரையில் ஒரு காகிதப் பை, உள்ளே ஆறிப்போன சாப்பாடு. அப்படி ஓர் அறையில் இருந்தபடி தாயின் இறுதிச் சடங்கைக் கைபேசியில் பார்த்த பெண் ஒருவர் என்னிடம் பேசினார். அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடப் பயணம்தான். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியே அவர் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்.

எனவே கிளம்பும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். மருத்துவமனை பார்வையாளர்களை அனுமதிக்கிறதா? நெருங்கிய உறவினரின் கடைசி நேரம் என்றால் தனிமைப்படுத்தலில் விலக்கு உண்டா, அதற்கு மருத்துவரின் கடிதம் எந்த வடிவில் வேண்டும்? வீட்டில் தனிமையில் இருக்க அனுமதிப்பார்களா? போக முடியாது என்று தெரிந்தால், அங்கே உள்ள ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். மருத்துவர் உங்களிடம் நேரடியாகப் பேசுவதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். தொலைவிலிருந்து தினமும் மருத்துவரோடு பேசி, சரியான முடிவுகளை எடுத்த பிள்ளைகள் தங்கள் கடமையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. இதை நான் மனதார நம்புகிறேன்.

நான் போனால் நோயையும் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவேனோ?

நியாயமான பயம். கொரோனாவில் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆறு நாளும், அதிகபட்சமாகப் பதினான்கு நாள் வரையும் ஆகலாம் என்று 2020இல் கணக்கிட்டார்கள். அறிகுறி தெரியும் முன்பே பரவும் என்பதுதான் அதன் தந்திரம். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அது மாதிரி எடுத்த அந்த நேரத்தின் செய்தி மட்டுமே. மறுநாள் விமான நிலையத்தில் நடப்பதை அது அறியாது.

பயணமேகூட ஆபத்தாகலாம். 2020 மார்ச் 11 இரவு, ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா கட்டுப்பாடு அறிவித்தது. குடிமக்களுக்கு அது பொருந்தாது என்றபோதும் பலர் பதறியடித்துக் கிளம்பினார்கள். அந்த வார இறுதியில் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் சோதனைக்காகப் பல மணி நேரம் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நோய்க்குப் பயந்து வந்தவர்களை நோய்க்கு ஏற்ற இடத்தில் நிறுத்தியது அந்த அவசரம். புறப்பட்டால் நெரிசல் இல்லாத நாளில் புறப்படுங்கள். இறங்கியதும், அரசு கேட்காவிட்டாலும், பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நேரே போகாதீர்கள். தனியாகத் தங்க ஓர் இடத்தை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

வேலை பத்திரமாக இருக்கிறது. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம் அல்லவா?

கையில் திரும்பும் டிக்கெட் இருப்பது, திரும்ப முடியும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. சீனா 2020 மார்ச் 28 முதல், செல்லத்தக்க குடியிருப்பு அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவரையும் உள்ளே விடுவதை நிறுத்தியது. ஜப்பான் 2020 ஏப்ரலில் தடைப் பட்டியலில் இருந்த நாடுகளுக்குப் போன வெளிநாட்டவரை, நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களைக்கூட, திரும்ப விடவில்லை. செப்டம்பரில்தான் அது தளர்ந்தது. வீடு, கார், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில் என்று பல குடும்பங்கள் நின்றன. அந்த நாடுகளின் குடிமக்களோ திரும்ப முடிந்தது.

சொந்த நாடும் உங்களை வெளியே விடாமல் போகலாம் என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் முதல் தன் குடிமக்கள் அனுமதியின்றி வெளியேறத் தடை விதித்திருந்தது. வெளிநாட்டிலேயே வாழ்பவர்களுக்குத் தானாகக் கிடைத்த விலக்கையும் 2021 ஆகஸ்டில் நீக்கியது. பெற்றோரைப் பார்க்க வந்தவர், தன் சொந்த வீட்டுக்குத் திரும்ப விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று.

குடியிருப்பு அனுமதியின் காலக்கெடுவையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா காலாவதியாகும். அமெரிக்கப் பச்சை அட்டை உள்ளவர்கள் மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல். பெருந்தொற்றில் சில நாடுகள் சலுகை கொடுத்தன, பிறகு திரும்பப் பெற்றன. சலுகை அறிவிப்பைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

வேலை போய்விட்டது, விசாவும் முடியப்போகிறது. இனி என்ன செய்வது?

இந்த நிலையில் உள்ளவர்களுக்குத் திரும்புவதே பெரும்பாலும் சரி என்று சொல்வேன். விசா இல்லாமல், காப்பீடு இல்லாமல், வாடகை பாக்கியோடு வெளிநாட்டில் நோய்வாய்ப்படுவதைவிட மோசமான நிலை அரிது. ஆனால் கையை வீசிக்கொண்டு கிளம்பாதீர்கள். 2020இல் அவசரமாக அனுப்பப்பட்ட தொழிலாளர்கள் பலர் சம்பள பாக்கியையும் பணிக்கொடையையும் விட்டுவிட்டுப் போனார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய பின் அங்கே வழக்கை நடத்துவது மிகக் கடினம்.

கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை: ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வேலை நீக்கக் கடிதம், வர வேண்டிய தொகையை நிர்வாகம் ஒப்புக்கொண்ட ஏதாவது ஒரு கையெழுத்து அல்லது குறுஞ்செய்தி. கட்டுமானத் தொழிலாளி ஒருவர், சுவரில் தொங்கிய வருகைப் பதிவுத் தாள்களை மாதம் தவறாமல் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். ஓரங்களில் சிமெண்ட் விரல் தடம் பதிந்த தாள்கள். கூடுதல் நேரக் கணக்கில் தகராறு வந்தபோது அவரிடம் மட்டும்தான் சான்று இருந்தது. உங்கள் சார்பில் வழக்குத் தொடர நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஊரில் இருந்துகொண்டே மடிக்கணினியில் இந்த வேலையைப் பார்த்தால் போதாதா?

நிறுவனம் சம்மதித்தாலும் வரித்துறை சம்மதிக்க வேண்டும். பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் அளவில் தங்கினால் அங்கேயே வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் தற்காலிகமாக இடம் மாறியவர்களின் வரி நிலை மாறக் கூடாது என்ற பொருளில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைச் சட்டமாக்குவதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். இந்தியா 2020 மார்ச் 22 முதல் 31 வரை சிக்கியவர்களுக்கு அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அடுத்த நிதியாண்டுக்கு அப்படிப் பொதுவான சலுகை கிடைக்கவில்லை. வந்திறங்கிய தேதி முத்திரையைப் பத்திரப்படுத்துங்கள், 183ஐ நெருங்கும் முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரு நாட்டுப் பாஸ்போர்ட், குழந்தைக்கு வேறு நாடு. சேர்ந்து போக முடியுமா?

போகலாம் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் நம்பாதீர்கள். இந்தியா 2020 மார்ச் 13 முதல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (OCI) அட்டையின் விசா இல்லாப் பயண வசதியை நிறுத்தி வைத்தது. பெற்றோர் இந்தியக் குடிமக்கள், கைக்குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்ற நிலையில் மே மாதத்தின் முதல் மீட்பு விமானங்களில் ஏற முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. மே 22 அன்று சில பிரிவினருக்குத் தளர்வு வந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாக விதியைப் படியுங்கள். குழந்தையின் விசாவை எப்போதும் செல்லத்தக்கதாகவே வைத்திருங்கள்.

ஏழாம் மாதம். பிரசவத்துக்கு ஊருக்குப் போகலாமா?

முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அடுத்து விமான நிறுவனத்தை. பொதுவாக 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். அதனால் உங்களுக்கு உள்ள கால இடைவெளி சிறியது, அதற்குள் விமானம் ரத்தானால் வேறு வழியும் இருக்க வேண்டும். இப்போதுள்ள மருத்துவமனையில் பதிவைக் கைவிடாதீர்கள்.

தடுப்பூசி போட்டாயிற்று. இனிப் பயமின்றிப் போய் வரலாமா?

எந்தத் தடுப்பூசி என்பதும் சான்றிதழை யார் ஏற்கிறார்கள் என்பதும் கேள்வி. கோவாக்சின் போட்டவர்கள் உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் அது சேர்ந்த 2021 நவம்பர் 3 வரை பல நாடுகளில் தடுப்பூசி போடாதவர்களாகவே நடத்தப்பட்டார்கள். போய்ச் சேர வேண்டிய நாடு, இடையில் விமானம் மாறும் நாடு, திரும்ப வேண்டிய நாடு மூன்றும் ஏற்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லோரும் திரும்பிவிட்டால் வீட்டுக்குப் பணம் யார் அனுப்புவது? செய்தியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

2020 ஏப்ரலில் உலக வங்கியும் பயந்துதான் போனது. ஏழை, நடுத்தர நாடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அந்த ஆண்டு சுமார் 20 சதவீதம் சரியும் என்று கணித்தது. உண்மையில் 2019இல் 548 பில்லியன் டாலராக இருந்தது 2020இல் 540 பில்லியனாக மட்டுமே குறைந்தது, 1.6 சதவீதம். அங்கேயே தங்கியவர்கள் வயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள தியாகத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

எனவே பொதுக் கணிப்பை நம்பி வேலையை விடாதீர்கள். சராசரியை நம்பி வேலை போகாது என்றும் இராதீர்கள். உங்கள் நிறுவனம் சம்பளம் தாமதிக்கத் தொடங்கிவிட்டதா, உடன் வேலை செய்பவர்களை ஊதியமில்லா விடுப்பில் அனுப்புகிறதா என்பவையே உங்களுக்கான அறிகுறிகள்.

மனைவி போகலாம் என்கிறார், நான் இருக்கலாம் என்கிறேன். பாதிப் பேர் போய், பாதிப் பேர் இருந்தால் என்ன?

பலர் இப்படிச் செய்தார்கள். பணக் கணக்கில் இது பெரும்பாலும் சரியாகவே வரும்: ஒருவர் சம்பளத்தைக் காப்பாற்றுகிறார், மற்றவர் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பி வருவது பற்றிய பதிலில் சொன்னவை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். சில மாதப் பிரிவு என்று தொடங்கியது ஓராண்டைத் தாண்டிய குடும்பங்கள் ஏராளம். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பிரிவதே வழி என்றால், எது நடந்தால் யார் யாரிடம் வருவது என்று முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்பவருக்கு மற்றவரின் ஒப்புதல் கடிதம் பல எல்லைகளில் கேட்கப்படும். இருவரும் தனித்தனியாக இயக்கக்கூடிய வங்கிக் கணக்கும் வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், எந்த நாளில் முடிவெடுக்க வேண்டும்?

உலக சுகாதார அமைப்பு 2020 ஜனவரி 30 அன்றே பன்னாட்டுப் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பெரும்பாலான எல்லைகள் மூடியது மார்ச்சின் நடுவில். அந்த ஆறு வாரத்தில் விமானங்கள் ஓடின, டிக்கெட் விலையும் பெரிதாக ஏறவில்லை. முடிவெடுக்க அதுவே நல்ல காலம்; அப்போது யாரும் முடிவெடுக்கவில்லை. ஓமிக்ரானில் அந்த இடைவெளியும் இல்லை. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா புதிய திரிபைப் பற்றி உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவித்தது, 26 அன்றே பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் அங்கிருந்து வரும் பயணத்தைத் தடுத்தன.

அவசரநிலை அறிவிப்பு வந்த அன்றே உட்கார்ந்து முதல் பதிலில் உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். போவது என்று விடை வந்தால் அந்த வாரமே டிக்கெட் எடுங்கள். இருப்பது என்று வந்தால் விசாவைப் புதுப்பியுங்கள், மூன்று மாத மருந்து வாங்குங்கள், தூதரகத்தில் பதியுங்கள். எல்லை மூடிய பிறகு மனம் மாறினால், வேலையை விடாமல், வீட்டைக் காலி செய்யாமல், கையில் இருக்கை உறுதியாகும்வரை காத்திருங்கள். சாமான்களை விற்றுவிட்டு விமான நிலையத்துக்குப் போய், விமானம் ரத்தாகித் திரும்பியவர்களுக்குப் படுக்க இடமும் இல்லாமல் போயிற்று.